கோவையில் ஒரு தாய்ப்பால் வங்கி: சேவை எப்படி, சூடாக்கிய பாலில் எது மிஞ்சுகிறது?

குறைமாதத்தில் பிறந்த எங்கள் மகளுக்காக, கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையோடு இணைந்து இயங்கும் தாய்ப்பால் வங்கியின் சேவையைப் பயன்படுத்தினோம். முதலில் பால் பெற்றுக்கொண்டவளாகவும், பிறகு பால் கொடுத்தவளாகவும் அதன் இரண்டு பக்கங்களையும் பார்த்திருக்கிறேன் என்பதால், இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்று இந்த மதிப்புரையை எழுதுகிறேன். குறை சொல்ல வேண்டிய இடங்களும் இருப்பதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்துவிட்டேன். சுத்தத்துக்கும் பதிவேட்டு ஒழுங்குக்கும் முழு மதிப்பெண் கொடுப்பேன். பாலூட்டும் ஆலோசகரின் உழைப்புக்கு அதற்கும் மேலே கொடுப்பேன். அவர்கள் அச்சடித்துக் கொடுக்கும் துண்டறிக்கைக்கு ஒரு மதிப்பெண்கூடக் கொடுக்க மாட்டேன்.

துண்டறிக்கையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் சேவையைப் பற்றிய எதிர்பார்ப்பை அதுதான் உருவாக்குகிறது. குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டதும், ஒப்புதல் படிவத்தோடு சேர்த்து நான்கு பக்க வண்ணத்தாள் ஒன்றைக் கணவரின் கையில் கொடுத்தார்கள். தானமாகப் பெற்ற பாலில் தாய்ப்பாலின் ‘வளர்ச்சி ஹார்மோன்கள் அனைத்தும் அப்படியே’ இருப்பதாகவும், அதனால் குழந்தையின் எடை ‘விரைவாகக் கூடும்’ என்றும் அதில் இருந்தது. நான் கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பிப்பவள். அந்த இரண்டு கூற்றுகளுமே சரியல்ல என்பது படித்தவுடன் தெரிந்தது. ஆனால் கையெழுத்துப் போடும் பதற்றத்தில் இருக்கும் பெரும்பாலான பெற்றோர்கள் அவற்றை அப்படியே நம்புவார்கள். வங்கிப் பால் உண்மையிலேயே நல்லது. அதன் நன்மைகளை உள்ளபடி சொன்னாலே போதுமானது என்னும்போது, இல்லாததை ஏன் சேர்க்க வேண்டும் என்பதுதான் என் முதல் வருத்தம்.

தாய்ப்பாலில் ஹார்மோன்கள் இருக்கின்றனவா என்றால், ஐயமில்லாமல் இருக்கின்றன. இன்சுலின், லெப்டின், அடிபோனெக்டின், கிரெலின், கார்டிசால், மெலடோனின், தைராய்டு ஹார்மோன்கள், ஐ.ஜி.எஃப்.-1 என்னும் வளர்ச்சிக் காரணி எனப் பட்டியல் நீளமானது. லெப்டின் என்ற ஹார்மோனே 1994இல்தான் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழுவினரால் கண்டறியப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 1997இல், அது தாய்ப்பாலிலும் இருப்பதாக ஆய்வுக் கட்டுரைகள் வந்துவிட்டன. கொழுப்புத் திசுவிலிருந்து சுரந்து, ‘போதும், வயிறு நிறைந்திருக்கிறது’ என்று மூளைக்குச் செய்தி சொல்லும் ஹார்மோன் அது. உடல் பருமனான தாய்மார்களின் பாலில் லெப்டின் கூடுதலாகவும், மெலிந்தவர்களின் பாலில் குறைவாகவும் இருப்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று. ஆகவே ‘தாய்ப்பால்’ என்று ஒரே சொல்லால் அழைத்தாலும், ஒரு தாயின் பாலும் இன்னொரு தாயின் பாலும் ஹார்மோன் அளவில் ஒன்றல்ல.

குடித்த பாலில் இருக்கும் புரத ஹார்மோன் செரிமானத்தில் சிதைந்துபோகாதா என்று என் மாணவிகளே கேட்பதுண்டு. வளர்ந்தவர்களின் வயிற்றில் சிதைந்துபோகும் என்பது உண்மைதான். சர்க்கரை நோயாளிகள் இன்சுலினை மாத்திரையாக விழுங்காமல் ஊசியாகப் போட்டுக்கொள்வதற்குக் காரணமே அதுதான். ஆனால் பச்சிளங்குழந்தையின் வயிற்றில் அமிலம் குறைவு, புரதத்தை உடைக்கும் நொதிகளும் குறைவு, குடற்சுவரோ இன்னும் இறுகாதது. குறைமாதக் குழந்தைக்கு இவை மூன்றும் இன்னும் அதிகமாகப் பொருந்தும். எனவே பாலில் வரும் இன்சுலின் குடல்வரை ஓரளவு செயலோடு சென்று, அங்கே குடற்சுவரிலேயே இருக்கும் ஏற்பிகளில் (ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதங்களில்) அமர்ந்து, குடல் முதிர்வதற்கு உதவுகிறது. முதல் சில நாட்களின் சீம்பாலில் இன்சுலின் அதிகமாக இருந்து பின்னர் குறைவதும் இதனோடு பொருந்துகிறது. இது வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை: குறைமாதக் குழந்தைகளின் ஃபார்முலா பாலில் (பவுடர் பாலில்) மிகச் சிறிய அளவு இன்சுலினைக் கலந்து கொடுத்துப் பார்த்த, பல மருத்துவமனைகள் பங்கேற்ற சோதனையின் முடிவு 2022இல் வெளியானது. இன்சுலின் பெற்ற குழந்தைகள் முழு அளவுப் பாலை ஏற்கும் நிலையைச் சில நாட்கள் முன்னதாகவே எட்டின.

லெப்டினும், அதைப்போலவே கொழுப்புத் திசுவில் சுரக்கும் அடிபோனெக்டினும் வேறு வகை வேலையைச் செய்வதாகக் கருதப்படுகின்றன. ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில் உள்ள ஆய்வாளர்கள், பால்குடிப் பருவத்து எலிக்குட்டிகளுக்கு, பாலில் இயல்பாகக் கிடைக்கும் அளவுக்கு ஒத்த லெப்டினை வாய்வழி கொடுத்தார்கள். அந்தக் குட்டிகள் வளர்ந்தபின் கொழுப்புணவு கொடுத்தபோதும் மற்றவற்றைப்போல அதிகம் பருக்கவில்லை. மனிதக் குழந்தைகளில் இப்படிச் சோதனை செய்ய முடியாது. அளந்து, ஒப்பிட்டு, தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கத்தான் முடியும். அப்படிப் பார்த்ததில், பாலில் லெப்டின் கூடுதலாகக் கிடைத்த குழந்தைகளின் எடை சற்று மெதுவாகக் கூடியதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. வேறு சிலவற்றில் தொடர்பே தென்படவில்லை. அடிபோனெக்டின் கதை இன்னும் சிக்கலானது: முதல் ஆறு மாதங்களில் அது அதிகமாகக் கிடைத்த குழந்தைகள் உயரத்துக்கேற்ற எடையில் ஒல்லியாக இருந்தார்கள், ஆனால் இரண்டாம் ஆண்டில் அந்த உறவு தலைகீழானது. இவற்றில் எதையும் ‘வளர்ச்சியை வேகப்படுத்தும் ஹார்மோன்’ என்று அழைக்க இடமில்லை. வேகத்தைச் சீராக்குபவை என்று வேண்டுமானால் சொல்லலாம். துண்டறிக்கையை எழுதியவர் ‘ஹார்மோன்’ என்றாலே ‘வேகமான வளர்ச்சி’ என்று எடுத்துக்கொண்டுவிட்டார் போலும்.

இனி வங்கிக்கு வருகிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு எதிரே, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மூன்று சிறு அறைகள். முதல் அறையில் பால் பீய்ச்சுவதற்கான சாய்வு நாற்காலிகளும் மின்சார பம்ப்புகளும் இருக்கின்றன. இரண்டாவது அறையில் பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் பாஸ்சரைசர் இயந்திரம், நடுவறையில் வேலை செய்பவர் தவிர வேறு யாரும் நுழைய அனுமதியில்லை. மூன்றாவதில் மைனஸ் 20 டிகிரியில் வைக்கப்பட்ட உறைபெட்டிகள். தானம் கொடுப்பவரின் இரத்தத்தில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சிபிலிஸ் ஆகியவை இல்லை என்று உறுதி செய்யப்பட்ட பின்புதான் அவருடைய பால் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. பல தாய்மார்களின் பாலைச் சேர்த்து, 62.5 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் வைத்து, உடனே குளிர்வித்து, அதிலிருந்து ஒரு மாதிரியைக் கிருமி வளர்கிறதா என்று பார்க்க ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். அறிக்கை சுத்தமாக வந்த பிறகே அந்தத் தொகுதி குழந்தைகளுக்குப் போகும். இல்லையென்றால் முழுத் தொகுதியையும் கொட்டிவிடுகிறார்கள். தொகுதி எண்ணைக் கேட்டால், எந்த நாளில் சூடாக்கியது, ஆய்வக முடிவு எப்போது வந்தது என்பதைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார்கள். நான் எதிர்பார்க்காத வெளிப்படைத்தன்மை அது.

இந்தியாவில் இப்படியொரு வங்கி முதலில் தொடங்கியது மும்பை சயான் மருத்துவமனையில், 1989இல், டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் முயற்சியால். ஆசியாவிலேயே அதுதான் முதலாவது. நடுவண் அரசு 2017இல் இத்தகைய மையங்களுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது; நாங்கள் பார்த்த வங்கி அந்த நெறிகளைச் சுவரில் மாட்டி வைத்திருப்பதோடு நிற்காமல் கடைப்பிடிக்கவும் செய்கிறது.

சூடாக்குவதால் ஹார்மோன்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் துண்டறிக்கை மறைத்த பகுதி. 62.5 டிகிரி வெப்பம் எச்.ஐ.வி. உள்ளிட்ட கிருமிகளை அழிக்கிறது. கைக்குழந்தையின் குடலில் நல்ல நுண்ணுயிர்களை வளர்க்கும் சர்க்கரைச் சேர்மங்களை அது தொடுவதில்லை. கார்டிசால் போன்ற ஸ்டீராய்டு ஹார்மோன்களும் அந்த வெப்பத்தைத் தாங்கிக்கொள்கின்றன. ஆனால் புரத ஹார்மோன்கள் அப்படியல்ல. இன்சுலினில் ஏறக்குறைய பாதியும், அடிபோனெக்டினில் மூன்றில் ஒரு பங்கும் போய்விடுவதை அளந்து சொன்ன ஆய்வு இருக்கிறது; ஐ.ஜி.எஃப்.-1 அளவும் குறைகிறது. கொழுப்பைச் செரிக்கத் தாய்ப்பாலே தன்னுள் கொண்டுவரும் லைபேஸ் நொதி முழுவதுமாகச் செயலிழக்கிறது. குறைமாதக் குழந்தை பாலிலிருக்கும் கொழுப்பை உறிஞ்சிக்கொள்ளப் பெரிதும் நம்பியிருப்பது அந்த நொதியைத்தான்.

இன்னொன்றும் உண்டு. வங்கிக்குப் பால் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் நிறைமாதத்தில் பெற்று, குழந்தைக்குச் சில மாதம் ஆனபின் மிகுதியைக் கொடுப்பவர்கள். 31 வாரத்தில் பெற்றவளின் முதல் சில வாரப் பாலில் புரதம் அதிகம். மாதங்கள் கடந்த பாலில் அது குறைந்துவிடுகிறது. ஆகவே வங்கிப் பாலை மட்டும் குடிக்கும் குறைமாதக் குழந்தை, ஃபார்முலா குடிக்கும் குழந்தையைவிட மருத்துவமனையில் இருக்கும் காலத்தில் மெதுவாகத்தான் எடை கூடும். இது உலகெங்கும் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து நிறுவப்பட்ட முடிவு. அதே தொகுப்பு இன்னொன்றையும் சொல்கிறது: வங்கிப் பாலுக்குப் பதில் ஃபார்முலா கொடுத்தால், குடல் அழுகல் நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் அந்த நோயைப் பார்த்த எந்தச் செவிலியரும் நாளொன்றுக்குச் சில கிராம் எடைக்காக அந்த ஆபத்தை ஏற்கச் சொல்ல மாட்டார். வங்கியின் உண்மையான தகுதி இதுதான். இதை அப்படியே அச்சிட்டிருந்தால் துண்டறிக்கைக்கு நானே பிழை திருத்திக் கொடுத்திருப்பேன்.

எங்கள் மகள் 1,380 கிராம் எடையில் பிறந்தாள். உறிஞ்சவும் விழுங்கவும் மூச்சுவிடவும் ஒருசேரத் தெரியாத பருவம் என்பதால், வாய் வழியே வயிற்றுக்குச் செல்லும் மெல்லிய குழாயில், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, சில மில்லியளவில் பால் இறங்கியது. அறுவை சிகிச்சை முடிந்த எனக்கு முதலில் சொட்டுகளே வந்ததால் வங்கிப் பால்தான் கைகொடுத்தது. எடை முதல் வாரம் இறங்கியது. பிறகு ஏறவேண்டிய அளவுக்கு ஏறவில்லை. பாலின் சத்தைக் கூட்டும் ஃபார்டிஃபையர் பொடியைக் கலக்கத் தொடங்கிய பின்னரும் வரைபடத்தில் கோடு சோம்பலாகத்தான் நகர்ந்தது. துண்டறிக்கையின் ‘விரைவாகக் கூடும்’ என்ற வரியை நம்பியிருந்த என் மாமியார், பாலில் ஏதோ கோளாறு என்றே முடிவு கட்டி, பவுடர் பால் கேட்டுச் சண்டைக்குப் போகும் நிலைக்கு வந்துவிட்டார். மிகைப்படுத்திய ஒரு வரி ஒரு குடும்பத்துக்குள் என்ன செய்யும் என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டாம்.

அங்கிருந்து எங்களை மீட்டவர் வங்கியின் பாலூட்டும் ஆலோசகர். ஐம்பதைக் கடந்த மூத்த செவிலியர், பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். மாமியாரை உட்காரவைத்து, ‘இது உங்க பேத்திக்கு அம்மா பால் வர்ற வரைக்கும் கொடுக்கிற பாலுங்க. எடை கொஞ்சம் மெதுவாத்தான் ஏறும், பயப்படாதீங்க’ என்று பொறுமையாக விளக்கினார். என்னிடம் திரும்பி, ‘பால் இல்லைன்னு இனிமே சொல்லக்கூடாது கண்ணு, இன்னும் இறங்கலைன்னு சொல்லு’ என்றார். சொன்னதோடு விடவில்லை. பம்ப்பின் புனல் எனக்குப் பெரிதாக இருக்கிறது என்பதை ஒரே பார்வையில் கண்டு மாற்றினார். பம்ப்பை ஓடவிடுமுன் கையால் மெல்ல வருடிவிடக் கற்றுக்கொடுத்தார். வார்மரிலிருந்து குழந்தையை எடுத்து என் மார்போடு தோல் படும்படி வைத்து, அந்த மணியிலேயே அருகில் உட்கார்ந்து பீய்ச்சச் சொன்னார். குழந்தையின் சூடும் வாசமும் பட்டபோது, காலையில் வந்ததைவிடக் கண்கூடாக அதிகப் பால் பாட்டிலில் ஏறியது. ஆக்ஸிடோசின் சுரந்து பாலைத் தள்ளுகிறது என்று பாடம் நடத்தியிருக்கிறேன். கரும்பலகையில் வரைந்த அம்புக்குறிக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்பது அப்போதுதான் புரிந்தது.

முதலில் கிடைத்த சீம்பால் சொட்டுகளை வீணாக்காமல், சிறு சிரிஞ்சில் எடுத்து, குழந்தையின் கன்னத்தின் உட்புறத்தில் தடவியதும் அவர்தான். பாலாடையில் புகட்டும் கட்டம் வந்தபோது, அதைச் சாய்க்கும் கோணத்தைக் கணவருக்கும் கற்றுக்கொடுத்தார். பால் புகட்டும் பாட்டிலை அந்தப் பிரிவுக்குள் யாரும் கொண்டுவர விடுவதில்லை. பால் ஊறுவதற்கென்று என் அம்மா கொண்டுவந்த பூண்டுக் குழம்பையும் சுறாப் புட்டையும் அவர் கேலி செய்யவில்லை, ‘சாப்பிடு, ஆனா எட்டு தடவை பீய்ச்சலைன்னா சுறா வந்தாலும் திமிங்கலம் வந்தாலும் பால் வராது’ என்று மட்டும் சொன்னார். மார்பில் பால் தேங்கி நின்றால் சுரப்பு தானாகவே அடங்கும், அடிக்கடி வெற்றானால் தொடரும் என்ற உடலியல் விதியை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வங்கியின் பெரிய குறை இரவில்தான் தெரிகிறது. பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் தாயின் இரத்தத்தில் இரவில் உயர்ந்து நிற்கும். சுரப்பு இன்னும் நிலைபெறாத வாரங்களில் பின்னிரவில் ஒருமுறையாவது பீய்ச்ச வேண்டும் என்று எல்லாத் தாய்மார்களுக்கும் சொல்வது அதனால்தான். அந்த வங்கியின் பம்ப் அறையோ இரவு பத்து மணிக்குப் பூட்டப்படுகிறது. காலை ஏழுக்குத்தான் திறக்கிறது. வார்டில் கையால் பீய்ச்சிக்கொள்ளலாம் என்றார்கள். முதல்முறை பெற்றவள், தையல் வலியோடு, பக்கத்துக் கட்டிலில் விருந்தினர்கள் படுத்திருக்கும் அறையில் கையால் பீய்ச்சுவாள் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. இரவுப்பணிச் செவிலியரிடம் ஒரு சாவி இருந்தால் தீரும் சிக்கல் இது. எழுத்தில் கொடுத்தோம், பாதுகாப்புக் காரணம் என்று பதில் வந்தது.

இரவு என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாய்ப்பாலுக்கு நேரம் உண்டு. உறக்கத்தோடு தொடர்புடைய மெலடோனின் இரவுப் பாலில் இருக்கும், பகல் பாலில் அநேகமாக இருக்காது. கார்டிசாலோ தாயின் இரத்தத்தில் உயர்வதைப் பின்தொடர்ந்து காலைப் பாலில் உச்சத்தைத் தொட்டு, மாலைக்குள் இறங்கிவிடும். இரவு பகல் பேதமறியாமல் விளக்கொளியிலேயே கிடக்கும் குறைமாதக் குழந்தைக்கு, பாலின் வழியே வரும் இந்தக் காலக் குறிப்பு உதவக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கலிஃபோர்னியாவில் ரீசஸ் குரங்குகளை ஆராய்ந்த கேட்டி ஹிண்ட் குழுவினர், பாலில் கார்டிசால் கூடுதலாகக் கிடைத்த குட்டிகள் எடை கூடியதோடு, சுபாவத்தில் பதற்றம் மிகுந்தவையாகவும் இருந்ததை 2015இல் எழுதினார்கள். குரங்குக்குப் பொருந்துவது மனிதக் குழந்தைக்கும் பொருந்தும் என்று துள்ள வேண்டியதில்லை. ஆனால் பாலில் எழுதப்பட்டிருக்கும் நேரத்தைத் தேவையில்லாமல் கலைக்க வேண்டாம் என்று கேட்பதில் தவறில்லை.

வங்கிப் பாலில் அதைக் காக்க வழியில்லை. பல பேருடைய பல நேரத்துப் பால் ஒரே பாத்திரத்தில் கலக்கிறது. ஆனால் தாய் தன் குழந்தைக்கென்று பீய்ச்சிவைக்கும் பாலில் காக்கலாம். அங்கே சொந்தப் பாலுக்குப் பச்சை ஸ்டிக்கர், வங்கிப் பாலுக்கு மஞ்சள். பச்சை ஸ்டிக்கரில் தாயின் பெயர், பதிவெண், தேதி ஆகியவற்றுக்கு மட்டும் கட்டங்கள் இருந்தன. மணிக்குக் கட்டம் இல்லை. குளிர்பெட்டியில் முன்னால் இருப்பதை எடுத்துப் புகட்டுவதால், விடியற்காலைப் பால் நள்ளிரவிலும், நள்ளிரவுப் பால் நண்பகலிலும் போய்க்கொண்டிருந்தது. நான் கேட்டதும் தொழில்நுட்ப உதவியாளர் முகம் சுளிக்காமல், மூலையில் ‘ப’ அல்லது ‘இ’ என்று மார்க்கரால் எழுதி இரண்டு தட்டுகளில் பிரித்துவைக்கத் தொடங்கினார். என் குழந்தைக்கு அதனால் நன்மை விளைந்தது என்று நான் சொல்லவில்லை. செலவே இல்லாத ஒழுங்கு அது. எல்லாத் தாய்மார்களுக்கும் அதை வழக்கமாக்கலாம்.

என் பால் போதுமான அளவுக்கு வந்ததும் மஞ்சள் ஸ்டிக்கர்கள் குறைந்து, பிறகு நின்றன. அந்த மாற்றத்துக்குப் பின் எடை நன்றாக ஏறியது. பாலின் ஹார்மோன்களால்தான் ஏறியது என்று நான் சாதிக்கமாட்டேன். புரதம் கூடுதல், லைபேஸ் உயிரோடிருந்தது, குழந்தையும் வாரங்களில் முதிர்ந்திருந்தாள், ஃபார்டிஃபையரும் தொடர்ந்தது. இத்தனையும் ஒன்றாக நடக்கும்போது ஒன்றைமட்டும் பிரித்தெடுத்துப் பெருமை கொடுப்பது அறிவியலாகாது. வீட்டுக்கு வந்தபின் பக்கத்துவீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு, ‘பவுடர் பால் குடிக்கிறவன் எப்படிக் கொழுகொழுன்னு இருக்கான் பாரு’ என்று சொல்வதற்கும் ஆட்கள் இருந்தார்கள். முதல் சில மாதங்களுக்குப் பின் தாய்ப்பால் குழந்தைகளின் எடை, ஃபார்முலா குழந்தைகளின் எடையைவிட மெதுவாகக் கூடுவது இயல்பு. ஃபார்முலாவில் புரதத்தைக் கூட்டியும் குறைத்தும் ஐரோப்பாவில் நடந்த பெரிய சோதனையில், புரதம் அதிகமாகக் கிடைத்த குழந்தைகளே பள்ளி வயதில் பருமனாக இருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடங்கள், இந்தியா உட்பட ஆறு நாடுகளின் தாய்ப்பால் குழந்தைகளை அளந்து உருவாக்கப்பட்டவை. தடுப்பூசி அட்டையில் இருக்கும் கோடுகள் அவைதாம். ஒப்பிட வேண்டுமென்றால் அந்தக் கோட்டோடு ஒப்பிடலாம், பக்கத்து வீட்டோடு அல்ல.

கட்டணம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பாலுக்கு எங்களிடம் காசு வாங்கவில்லை. கொடுத்தபோது எனக்கும் காசு தரவில்லை. மனிதப் பாலைப் பதப்படுத்தி விற்பதற்கு உரிமம் கிடையாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 மே மாதம் அறிவுறுத்தல் வெளியிட்டிருக்கிறது. ஆகவே இணையத்தில் யாராவது பாக்கெட்டில் அடைத்தோ பொடியாக்கியோ தாய்ப்பால் விற்றால் வாங்க வேண்டாம். எங்கள் பில்லில் சேர்ந்தவை பம்ப்பின் புனல், குழாய் செட்டும் ஃபார்டிஃபையர் பாக்கெட்டுகளும்தான். ஃபார்டிஃபையர் விலை கையைக் கடிக்கும். தேவைப்படும் காலத்தை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

வீடு திரும்பியபின் என்னிடம் மிகுந்ததை அதே வங்கிக்குக் கொடுத்தேன். இரத்தப் பரிசோதனையை அவர்களே இலவசமாகச் செய்கிறார்கள். புகையிலைப் பழக்கம், எடுத்துக்கொள்ளும் மருந்துகள், சமீபத்திய காய்ச்சல் ஆகியவற்றைப் பற்றிய கேள்விப் படிவம் ஒன்று உண்டு. வீட்டிலிருந்து பாலைக் கொண்டுவருவதை அவர்கள் ஏற்பதில்லை, அங்கேயே வந்துதான் பீய்ச்ச வேண்டும். இது தூரத்தில் இருப்பவர்களுக்குச் சிரமம்தான். ஆனால் பேருந்திலும் ஆட்டோவிலும் குளிர்ச்சி கலையாமல் பால் வந்துசேரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில் அந்தக் கண்டிப்பு சரியென்றே நினைக்கிறேன். தன் குழந்தைக்குப் போக மிகுதி இருந்தால் மட்டுமே வாங்கிக்கொள்கிறார்கள். என் மகளின் எடை அட்டையைப் பார்த்த பிறகே முதல் முறை என்னை அனுமதித்தார்கள்.

இந்த வங்கிக்கோ வேறெந்த வங்கிக்கோ போகும் பெற்றோர்கள், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுமுன் மூன்றைக் கேட்டுக்கொள்ளலாம்: குழந்தைக்குக் கொடுக்கப்படும் தொகுதியின் ஆய்வக அறிக்கையைப் பார்க்க முடியுமா, தாயின் பால் வரத் தொடங்கியதும் எந்த வரிசையில் அதற்கு முன்னுரிமை தருவார்கள், இரவில் பம்ப் கிடைக்குமா. முதல் கேள்விக்கும் இரண்டாவதற்கும் எங்கள் வங்கியில் தயங்காமல் நல்ல பதில் கிடைத்தது. மூன்றாவதற்காக, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் கையால் இயக்கும் பம்ப் ஒன்றை மருத்துவமனைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்; ஆலோசகர் காலை ஒன்பது மணிமுதல் மாலை ஐந்துவரை இருப்பார், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.